ஐந்து ஞாயிறாக மகளிடம் பேசவில்லை

மலேசியாவின் பிறை நகரிலிருந்து ஓர் அப்பா கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 58. தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். ஒரே மகள், 21 வயது, மெல்பர்னில் தாதியர் பட்டப்படிப்பு படிக்கிறாள். ஊழியர் சேமநிதியில் பெரும்பகுதியை எடுத்து அனுப்பிவைத்தார். "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பாதே" என்று அண்ணன் தடுத்தும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு முடிந்து, கடைசி ஆண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

பிப்ரவரியில், அங்கேயே படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு படம் அனுப்பியிருக்கிறான். மெல்பர்னின் செயின்ட் கில்டாவில் ஆண்டுதோறும் நடக்கும் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) பேரணி. கன்னத்தில் வானவில் வர்ணத்தோடு மகள் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருக்கிறாள். அப்பா உடனே அழைத்துக் கேட்டார். அவள் மறுக்கவில்லை. "ஆமாப்பா. எனக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்கும். ரெண்டு வருஷமா உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்" என்றாள். இவர் போனை வைத்துவிட்டார்.

அதுவரை ஞாயிறு இரவு 8 மணி காணொளி அழைப்பு தவறியதே இல்லை. அன்றிலிருந்து ஐந்து ஞாயிறு போய்விட்டது. மனைவிக்கு விஷயம் தெரியாது; ரத்தக்கொதிப்பு உள்ளவர். கேட்டால் "பரீட்சை நேரம், லைனும் சரியில்ல" என்று சமாளிக்கிறார். அம்மா அனுப்பும் செய்திகளுக்கு மகள் "நல்லா இருக்கேன்மா" என்று மட்டும் பதில் போடுகிறாள்.

அவருடைய கேள்விகள் இவை: கட்டணத்தை நிறுத்தினால் வழிக்கு வருவாளா? அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி வரவழைத்து, கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) வாங்கி வைத்துக்கொள்ளலாமா? சென்னையில் இதற்கு வைத்தியம் செய்யும் டாக்டர் இருப்பதாக அண்ணன் சொல்கிறார், உண்மையா? சுங்கைப் பட்டாணியில் நல்ல வரன் இருக்கிறது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமா? இங்கே வந்தால் போலீஸ் பிடிக்குமா, திரங்கானுவில் இரண்டு பெண்களுக்குப் பிரம்படி கொடுத்தார்களே? மனைவிக்குச் சொல்லலாமா? பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கலாமா? கடைசி வரி: "நான் எங்கே தப்பு செய்தேன், சொல்லுங்கள்."

ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். பேனாவை இரண்டு முறை அழுத்தி ஓட்டியும் எழுத்து தெரிகிறது: "சாப்பிட்டாளோ என்னமோ." என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கட்டணத்தை நிறுத்துவது, கடப்பிதழை வாங்கி வைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது. கடிதம் முழுக்கக் கோபம் இருக்கிறது. அந்த ஒரு வரியில் அப்பா இருக்கிறார். நான் அவரிடம்தான் பேசப் போகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் எங்கும் தப்பு செய்யவில்லை. உங்கள் மகளும் செய்யவில்லை. வளர்ப்பில் குறை இருந்தால் இப்படி ஆகும், கண்டிப்பு போதாவிட்டால் ஆகும், ஜாதகத்தில் தோஷம் இருந்தால் ஆகும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

வெளிநாடு மாற்றிவிட்டதா?

"அங்கே போகும்வரை நன்றாகத்தான் இருந்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலோசனைக்கு என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இதே வார்த்தையைச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசினால் வேறு கதை வரும். இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டிலோ மூன்றிலோ தோழிகள் பையன்களைப் பற்றிக் கிசுகிசுத்தபோது தனக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றவில்லை என்று குழம்பியது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது இதை எடுத்துவிடு முருகா என்று வேண்டிக்கொண்டது, இப்படி. மெல்பர்ன் உங்கள் மகளுக்கு எதையும் ஊட்டவில்லை. சொன்னால் அடி விழாது, ஊர் கூடாது என்ற தைரியம் அங்கே கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தத் தைரியம் வந்த பிறகும் அவள் இரண்டு வருடம் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். படம் கையில் கிடைத்து நீங்கள் கேட்டபோது "அது சும்மா ஃபிரண்டுப்பா" என்று எளிதாகத் தப்பித்திருக்கலாம். உண்மையைச் சொன்னாள். உங்களிடம் பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்தது நீங்கள்தானே?

உங்கள் கடிதத்தில் "அந்த மாதிரி" என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. பெயர் சொல்லவே கூச்சமாக இருப்பது புரிகிறது. தமிழில் இதற்கு நெடுங்காலம் வசைச்சொற்கள்தாம் புழங்கின. இப்போது தன்பாலீர்ப்பு என்ற சொல் இருக்கிறது. தன் பாலினத்தவர் மேல் ஈர்ப்பு என்று பொருள். கண்ணாடி முன் நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏதோ பயிற்சி என்று நினைக்காதீர்கள். வாயில் வராத ஒன்றைப் பற்றி மகளிடம் பேசுவது கடினம்.

சென்னை டாக்டர், சுங்கைப் பட்டாணி வரன்

நோய் இல்லாத இடத்தில் வைத்தியம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதற்கும் முன்பே, 1973 இல் எடுத்துவிட்டது.

உங்கள் அண்ணன் சென்னையைச் சொன்னதால் சென்னையைப் பற்றியே சொல்கிறேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயம் தனக்கே இன்னும் பிடிபடவில்லை என்று அவர் உத்தரவிலேயே எழுதினார். பிறகு ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்கு அதில் தடை விதித்தார். அடுத்த ஆண்டு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் அப்படி "மாற்றும் சிகிச்சை" செய்வதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. ஆக, அந்தச் சென்னை டாக்டர் நிஜமாகவே இருந்தாலும், செய்யக்கூடாது என்று அவருடைய தொழிலே விலக்கிவைத்ததைத்தான் உங்கள் பணத்துக்குச் செய்வார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் இத்தகைய மாற்றும் முயற்சிகளுக்கு எதிரான சட்டம் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரிப்பதும் அதில் அடங்கக்கூடும். இதற்கென்று ஒருவரை மாநிலத்தை விட்டு வெளியே கூட்டிப்போய், அதனால் அவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் அதுவும் அங்கே குற்றம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பொய் சொல்லி வரவழைக்கும் உங்கள் திட்டத்தை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் "நான் மாற்றித் தருகிறேன்" என்று சொல்பவர்கள் வருவார்கள். மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்ய 1998 ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணே இருந்தாலும், மாற்றித் தருகிறேன் என்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

வரன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. சுங்கைப் பட்டாணிப் பையனுக்கும் ஓர் அப்பா இருக்கிறார். தன்னை ஒருநாளும் விரும்ப முடியாத மனைவியோடு அவன் வாழ்ந்து, குறை தன்னிடம்தானோ என்று தினம் தினம் நொந்துகொள்வான். அப்படிப்பட்ட கணவன்மார்களும் மனைவிமார்களும் என் அறையில் அழுதிருக்கிறார்கள். கல்யாணம் யாரையும் மாற்றியதை நான் பார்த்ததில்லை. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் மணமக்களின் உண்மையான சம்மதம் அவசியம். வற்புறுத்திச் செய்த கல்யாணத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம்.

கட்டணத்தை நிறுத்தினால்

வழிக்கு வரமாட்டாள். என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

பருவக் கட்டணம் கட்டாத வெளிநாட்டு மாணவரின் சேர்க்கையைப் பல்கலைக்கழகம் ரத்து செய்யலாம். ரத்து செய்தால் அதைக் குடிநுழைவுத் துறையின் காதுக்குக் கொண்டுபோக வேண்டிய கடமை அதற்கு இருக்கிறது. மாணவர் விசா படிப்பைச் சார்ந்தது. படிப்பு போனால் விசாவும் போகும் நிலை வரும். உழைத்துக் கட்டட்டுமே என்று நினைப்பீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் அவள் வேலை பார்க்கக் கூடாது. அதோடு, அங்கே தாதியாகப் பதிவு பெற, படிப்பின்போதே குறைந்தது 800 மணி நேரம் சம்பளமில்லாத மருத்துவமனைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை அந்த வருமானத்தில் எந்தப் பிள்ளையாலும் கட்ட முடியாது. அப்புறம் என்ன செய்வாள்? கணக்கில் வராத வேலைக்குப் போவாள், பாதிச் சம்பளம் கொடுக்கிற முதலாளியிடம் மாட்டுவாள், வாடகைக்குக் கடன் வாங்குவாள். விசா பறிபோகும் பயத்தில் யாரிடமும் புகாரும் சொல்லமாட்டாள். 21 வயதுப் பெண் இப்படி மாட்டிக்கொண்டால் அவளைப் பயன்படுத்திக்கொள்ள ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு.

உங்கள் சேமநிதிப் பணம் ஏற்கெனவே இரண்டு வருடம் அதில் போயிருக்கிறது. இன்னும் ஒரு வருடத்தில் அவள் கையில் தாதிப் பட்டம். உலகில் எந்த ஊரிலும் சோறு போடும் தொழில். உங்களோடு சமாதானம் ஆகிறாளோ இல்லையோ, தன் காலில் நிற்பாள். இந்த ஒரு வருடக் கட்டணத்தைத் தண்டனைக் கோலாக எடுக்காதீர்கள், ஐயா.

கடப்பிதழும் அப்படித்தான். 18 வயது முடிந்தவள் சட்டப்படி பெரியவள். அடுத்தவரின் கடப்பிதழைச் சட்டபூர்வமான காரணமில்லாமல் கையில் வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தில் குற்றம். பெற்ற அப்பா என்பதற்காக அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று. ஒருமுறை பொய் சொல்லி வரவழைத்தால், நாளைக்கு அம்மாவுக்கு நிஜமாகவே உடம்பு முடியாமல் போய் நீங்கள் அழைக்கும்போது அவள் நம்பமாட்டாள்.

போலீஸ், பிரம்படி

2018 செப்டம்பரில் திரங்கானுவில் நிறைவேற்றியது ஷரியா நீதிமன்றத் தீர்ப்பு. அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும்தான். இந்துவான உங்கள் மகளை அது கட்டாது.

எல்லாருக்கும் பொதுவான தண்டனைச் சட்டம் வேறு. பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவுக்கு 1860 இல் எழுதிய 377 ஆம் பிரிவின் வழிவந்த பிரிவுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 இல், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பதை அதிலிருந்து விலக்கியது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022 இல் நீக்க முடிவெடுத்தது. மலேசியாவில் 377ஏ, 377பி பிரிவுகளில் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆனால் அந்தப் பிரிவுகளில் விவரித்திருக்கும் செயல் ஆண் ஒருவர் சம்பந்தப்பட்டது. இரண்டு பெண்களைப் பொறுத்தவரை நீட்டக்கூடியது 377டி, "ஒழுக்கக்கேடான செயல்" என்ற பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலைத்தான். ஒருவருக்கு யார் மேல் ஈர்ப்பு என்பது இந்நாட்டில் குற்றம் இல்லை. பேரணியில் நடந்த படத்துக்காக விமான நிலையத்தில் யாரும் பிடித்து நிறுத்துவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

அதற்காக, ஒன்றும் ஆகாது என்று உங்களை ஏமாற்றவும் மாட்டேன். அரசியலமைப்பின் 8 ஆம் பிரிவு மதம், இனம், பாலினம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பாலீர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. வேலையில், வாடகை வீட்டில் யாராவது ஒதுக்கினால் அவள் பிடித்துக்கொள்ள உறுதியான சட்டம் இங்கே கிடையாது. படிப்பு முடிந்ததும் இங்கே வருவதா, அங்கேயே வேலை தேடுவதா என்பதை இதையெல்லாம் எடைபோட்டு அவள்தான் முடிவெடுக்க வேண்டும். "எப்போ வீட்டுக்கு வர்றே?" என்று கேட்டுக் கேட்டு அந்த முடிவை அவசரப்படுத்தாதீர்கள்.

அந்தப் படமும் அம்மாவும்

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. படம் அனுப்பிய பையனை அழையுங்கள். திட்ட வேண்டாம். "தம்பி, அந்தப் படத்த அழிச்சிடு. வேற யாருக்கும் போகக்கூடாது. இது எங்க வீட்டு விஷயம்" என்று சொன்னால் போதும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்போம். ஆனால் இந்த உலைக்கு மூடி இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கிறது. குடும்பப் புலனக் குழுவில் ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்கு யாராவது அந்தப் படத்தைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டினால், மிரட்டிப் பறிப்பது தனிக் குற்றம். பயந்துகொண்டு பணம் கொடுக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். அண்ணனிடமும் இனி இதைப் பேச வேண்டாம். அறிவுரை கேட்டது போதும்.

மனைவிக்கு நீங்கள் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் மகளின் செய்தி. அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒருமுறை அவள் விருப்பம் இல்லாமல் படம் வழியாக வெளியே வந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படி ஆகக் கூடாது. "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் பக்கத்துல இருக்கட்டுமா, இல்ல இப்போதைக்கு வேணாமா?" என்று அவளிடமே கேளுங்கள். ரத்தக்கொதிப்புக்காக மறைக்கிறேன் என்கிறீர்கள். ஐந்து வாரமாகக் கணவனும் மகளும் பேசிக்கொள்ளாததைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அந்தக் கொதிப்பு இறங்கியா இருக்கும்? என் அனுபவத்தில் அம்மாக்களுக்குப் பாதி விஷயம் முன்பே தெரிந்திருக்கும். உங்களுக்குத் தாங்காது என்று அவர்கள் மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் பதில் வராது. வந்தாலும் "மாணவரின் அனுமதியில்லாமல் எதையும் சொல்ல முடியாது" என்றுதான் வரும். உங்களுக்கு அவமானமாகத் தோன்றும் அந்த விதி உங்கள் மகளுக்குப் பாதுகாப்பு. அதே பல்கலைக்கழகத்தில் ஆலோசகரைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அவரிடம் சொல்வது அறையைத் தாண்டாது என்று தெரிந்தால்தானே போவாள்?

வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த விஷயத்தில் எப்படித் தனியாகிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிவதில்லை. மலேசிய மாணவர் கூட்டம், தமிழ் மாணவர் கூட்டம் என்று போனால் வீட்டுக்குச் செய்தி போய்விடுமோ என்ற பயம். உங்கள் மகளுக்கு அந்தப் பயம் அப்படியே பலித்திருக்கிறது. இனி அவள் தீபாவளிக் கொண்டாட்டம் இருக்கும் பக்கமே போகமாட்டாள், தோசை கிடைத்தாலும். மறுபக்கம், அங்குள்ள பால்புதுமை மாணவர்கள் அன்பாகத்தான் இருப்பார்கள். ஆனால் "அப்பாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே, என்ன ஆயிடும்?" என்று கேட்பார்கள். அப்பா ஐந்து வாரம் பேசாமல் இருந்தால் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்கு விளங்காது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு வீட்டு அழைப்புதான் ஒரே கயிறு.

கலிஃபோர்னியாவில் நடந்து 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்ட இத்தகைய இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றிருப்பது, ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் ஒரு சொல்லுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு கனம் இருக்கிறது என்று தெரிவதற்காகச் சொல்கிறேன். பேச்சில் "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற தொனி வந்தால், தூக்கமே இல்லை என்றால், வகுப்புக்கே போகவில்லை என்றால், உபதேசம் வேண்டாம், நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் லைனை வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் லைஃப்லைன் உதவித் தொலைபேசி 13 11 14, 24 மணி நேரமும். உடனடி ஆபத்து என்றால் 000. தன்பாலீர்ப்பு, பால்புதுமை குறித்துப் பேசுவதற்கென்றே கியூலைஃப் 1800 184 527, பிற்பகலிலும் மாலையிலும். மாணவர் விசாவோடு கட்டாயமாக எடுத்த மருத்துவக் காப்புறுதி அவளுக்கு இருக்கும். பொது மருத்துவரைப் போய்ப் பார்க்கலாம்.

உங்களுக்கும் ஆள் வேண்டும், ஐயா. ஐந்து வாரமாக இதை ஒற்றை ஆளாகச் சுமக்கிறீர்கள். மனம்விட்டுப் பேசுவதற்கான பிஃப்ரண்டர்ஸ் உதவித் தொலைபேசி 03-7627 2929, எந்நேரமும் அழைக்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அப்பா தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில், வீட்டுத் தொலைபேசிக்குத் தினமும் எவனோ அழைக்கிறான், ஹலோ என்றதும் வைத்துவிடுகிறான், மோசடிக் கும்பலாக இருக்கும், லைனையே வெட்டிவிடப் போகிறேன் என்றார். அது அவருடைய மகன். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவன். தன்பாலீர்ப்பு என்று சொன்னதற்கு "இனி எனக்கு மகன் இல்லை" என்று அப்பா சொல்லிவிட, அவருடைய ஹலோவை மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போவானாம். பிறகு என்னிடம் அவனே சொன்னான். லைனை வெட்டாமல் விட்டாரே என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

நீங்கள் எல்லாவற்றையும் இந்த வாரமே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மனம் ஒப்ப வருடக்கணக்கில் ஆகலாம். அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி இப்போதே கேட்க வேண்டும் என்றும் இல்லை. கேட்கத் தோன்றும் நாள் வரும்போது கேளுங்கள். இந்த ஞாயிறு அழைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எடுத்ததும் பேச்சு வராவிட்டால் இப்படிச் சொல்லலாம்: "அப்பாவுக்கு இது இன்னும் புரியல. கோவத்துல போன வெச்சது தப்பு. படிப்புக் காசு வழக்கம்போல வரும், அத நெனச்சுக் கவலப்படாத." அவள் அழுதால் அழட்டும். நீங்களும் அழுதால் மறைக்க வேண்டாம். கல்யாணம், கோவில், சொந்தக்காரர், எதிர்காலம் எதுவும் அன்றைக்கு வேண்டாம். அப்புறம், நீங்கள் எழுதிவிட்டு அடித்த அந்த வரியைக் கேளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் இரவு 8 மணி என்றால், அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11 மணி. திங்கள் காலை மருத்துவமனைப் பயிற்சிக்கு விடியுமுன் எழ வேண்டிய பிள்ளை, இரண்டு வருடமாக உங்களுக்காக அதுவரை விழித்திருந்திருக்கிறாள். இந்த முறை 7 மணிக்கே கூப்பிடுங்கள்.